ஆரணியில் நாலாவது கயிறு

ஆரணிக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை புடவை? ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் பட்டு நூலுக்கு நடுவிலேயே இருந்துவிட்டு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்பிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். நான் போன காரியம் வேறு. அணுவுக்குள் இருக்கும் துகள்களை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கும்படி ஒரு மேசை தயாரிக்க வேண்டியிருந்தது.

நான் ஊர் ஊராகப் போகும் ஒரு சிறிய அறிவியல் கண்காட்சியில் வேலை பார்க்கிறேன். மாவட்டத்து ஊர்களில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நாலு நாள் கடை விரித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். துகள் இயற்பியல் மேசை என் பொறுப்பு. முதலில் கணினித் திரை வைத்து, பொத்தானை அமுக்கினால் துகள்கள் பறப்பது போலச் செய்திருந்தேன். தாம்பரத்தில் வைத்துப் பார்த்தபோது ஜனங்கள் எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிட்டு இருபது விநாடியில் நகர்ந்துவிட்டார்கள். எங்கள் தலைவர் தரணேந்திரன் சார் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கே நிபந்தனையும் போட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு சோதனைதான். வருகிற பத்துப் பேரில் ஆறு பேராவது ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். போகும்போது என்ன செய்தோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வாயைத் திறந்து மூடும் டைனோசர் வந்துவிடும். அதற்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தார். இரண்டு வருஷ உழைப்பு ஒரு ரப்பர் பல்லிக்குப் போவதாக இருந்தது.

பெரிய ஆய்வுக்கூடங்களில் நடப்பது சுருக்கமாக இதுதான். இரண்டு துகள்கள் மோதிச் சிதறும். சிதறியதை யாராலும் பார்க்க முடியாது. ஆனால் சுற்றிலும் மெல்லிய கம்பிகளை அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருப்பார்கள். துகள் எந்தக் கம்பிக்குப் பக்கத்தில் போகிறதோ அந்தக் கம்பி மட்டும் சமிக்ஞை கொடுக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் சமிக்ஞை வந்த இடங்களைச் சேர்த்தால் துகள் போன பாதை கிடைத்துவிடும். இதை நூலில் செய்தால் என்ன என்று யோசித்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மரச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் நிற்கிற மாதிரி நூறு இழைகள், கற்பனையாக மூன்று துகள்கள். அவை இடித்த இழைகளை மட்டும் வெட்டி விட்டுவிடுவது. வெட்டுப்பட்ட இழைகளைக் கண்டுபிடித்து, அவற்றின் வழியே சிவப்புக் கயிற்றை இழுத்துக் கட்டினால் மூன்று பாதைகள். மூன்றையும் முன்பக்கம் நீட்டினால் ஓரிடத்தில் கூடும். மோதல் நடந்த இடம் அதுதான். காகிதத்தில் அருமையாக இருந்தது. மீன்பிடி நரம்பை வைத்து நானே கட்டிப் பார்த்தபோது பாதி விறைத்துக்கொண்டும் பாதி தொங்கிக்கொண்டும் நின்றது. நூறு இழையை ஒரே சீராக இழுத்து நிறுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். அதனால்தான் ஆரணி.

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரைக்குத் தாம்பரத்திலிருந்து சின்ன லோடு வண்டியில் கிளம்பினேன். போக மட்டும் வாடகை 4,800 ரூபாய். காலிச் சட்டங்களை ஏற்றும்போதே ஓட்டுநர், "இன்னா மேடம், அஞ்சு கட்டிலா?" என்றார். துகள் இயற்பியலை விளக்க ஆரம்பித்தேன். வாலாஜாபாத் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டில்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். காஞ்சிபுரத்தில் ஏழு மணிக்கு இட்லி, காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய். செய்யாரில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் இறக்கும் நேரத்தில் போய் மாட்டிக்கொண்டோம், இருபது நிமிடம் அங்கேயே போயிற்று. எட்டு மணிக்கு முன்னால் அந்த ஊரைத் தாண்டிவிடுவது உத்தமம். ஆரணியில் நுழையும்போது ஒன்பது இருபத்தைந்து. வண்டி மீட்டர் கணக்கில் 128 கிலோமீட்டர்.

நாங்கள் போக வேண்டிய தெருவில், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பாவு நீட்டியிருந்தது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், தறிக்குப் போவதற்கு முன்னால் இப்படித் தெருவில் விரித்து நேர் செய்வார்கள். சென்னையில் சிக்னலில் மூன்று விநாடி தாமதித்தால் ஹாரன் அடிக்கிற எங்கள் ஓட்டுநர், இங்கே வண்டியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் இரண்டு பைக்கும் ஒரு பால் வண்டியும் அதே மாதிரி நின்றன. பன்னிரண்டு நிமிடம். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அறுபடாத இழைக்கு இந்த ஊர் கொடுக்கும் மரியாதையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மணி பார்த்துப் பொருமிக்கொண்டிருந்ததில் அது மண்டையில் ஏறவில்லை.

கோமதி எனக்காகக் காத்திருந்தார். பட்டு வியாபாரி ஒருவர் மூலமாகத் தொலைபேசியில் பிடித்த ஆள், ஏறக்குறைய என் வயது. அந்தத் தெருவில் இருக்கும் தறிகளுக்குப் பாவு ஓட்டுவது, புதுப் பாவைப் பழையதோடு பிணைப்பது, இழை அறுந்தால் வந்து முடிச்சுப் போடுவது, இதுதான் அவர் தொழில். அதே தெருவில் காலியாக இருந்த ஒரு கடையை இரண்டு நாளைக்கு 1,500 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்தார். மறுநாள் சாருக்கு முன்னால் நடக்க வேண்டிய சோதனையும் அங்கேதான். நூறு இழைப் பாவும் முன்பே தயார். அதைச் சட்டத்தின் மேல்கட்டைக்கும் கீழ்கட்டைக்கும் கொடுத்து இறுக்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, இன்னும் கொஞ்சம் இழுத்து, மறுபடியும் தட்டி, பன்னிரண்டே முக்காலுக்குள் ஐந்து சட்டத்தையும் முடித்துவிட்டார். நான் நாலு நாள் மீன் நரம்போடு மல்லுக்கட்டியதை அவரிடம் சொல்லவில்லை.

கோமதி சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கணக்குப்படி எந்தச் சட்டத்தில் எத்தனையாவது இழை, எந்த உயரம் என்று அளந்து அளந்து, மூன்று துகளுக்கும் சேர்த்துப் பதினைந்து இழைகளை வெட்டினேன். வெட்டிய இழை எப்படியும் தொங்கிவிடும், அதற்கு உயரம் பார்ப்பானேன் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித்தான் வரும். ஒன்று நாற்பதுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிடப் போனேன். சாப்பாடு 90 ரூபாய். சோற்றுக்குப் பேர்போன ஊர் என்பதால் இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டாவது சோறுதான் எனக்கு வினையாக வந்தது.

திரும்பி வரும்போது இரண்டு இருபது. கோமதி சிரித்த முகமாக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பதினஞ்சு எழ அறுந்து கெடந்துச்சு மேடம். எலி பூந்துச்சு போல. ஒண்ணு உடாம போட்டுட்டேன்" என்றார்.

ஐந்து சட்டத்திலும் ஐந்நூறு இழைகளும் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூட அறுபட்டதாகத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? கத்தினேன். அத்தனையும் நானே அளந்து வெட்டியவை, இனி முதலிலிருந்து செய்ய வேண்டும், நாளைக்குச் சோதனை, என்னைக் கேட்காமல் ஏன் கைவைத்தீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கோமதி பயப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான் வேண்டுமென்றே வெட்டினேன் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

"வேணும்னே வெட்னீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அறுந்த எழய பாத்துகினு சும்மா குந்திகினு இருக்க முடியுமா மேடம்? கை தானா போவுது" என்றார்.

நான் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முதல் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். எந்த இழையை வெட்டினேன் என்று தெரியவில்லை. குறிப்பில் எண் இருந்தது, ஆனால் எண்ணிக்கொண்டே போனால் முப்பதைத் தாண்டும்போது கண் பூத்துவிடுகிறது. கோமதி எழுந்து வந்தார். சட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல் நுனிகளை இழைகளின் மேல் படர விட்டார். ஒரு இடத்தில் கை நின்றது. "இங்க" என்றார். நகர்ந்தார். "இங்க." இன்னும் ஒன்று. மூன்றையும் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் மெதுவாகத் தடவினேன். விரல் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு முடிச்சு இடறியது. கண்ணைத் திறந்து பார்த்தால் அது இல்லை. மூடினால் இருக்கிறது. வெட்டித் தொங்கவிட்ட இழை என்றால் எவரும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு இருபது விநாடியில் போய்விடுவார்கள். முடிச்சு என்றால் தேடித்தான் ஆக வேண்டும். அதுமட்டுமா? அறுந்த இழை எத்தனையாவது இழை என்று மட்டும்தான் சொல்லும். முடிச்சோ, எந்த உயரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. என் கேலிக்குரிய அளவெல்லாம் அதில் பத்திரமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை அது விட்டுப்போன தடத்தை வைத்துப் பிடிப்பது என்று இரண்டு வருஷமாக நான் பலகையில் எழுதி எழுதி விளக்கப் பார்த்தது, கோமதியின் அரை மணி நேர வேலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், மூன்றாவது சட்டத்தில் இன்னும் இரண்டு முடிச்சுகள் இருப்பதைக் காட்டினார். அவை பாவு ஓட்டும்போதே அறுந்து போட்டவையாம், என் கணக்கில் வராதவை. பிரித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நிஜக் கருவிகளிலும் துகள் எதுவும் போகாமலே சில கம்பிகள் சும்மா சமிக்ஞை கொடுக்கும். அதற்கு இரைச்சல் என்று பெயர். நேர்க்கோட்டில் சேராத முடிச்சு இரைச்சல், அதை ஒதுக்கிவிட வேண்டும். இதையெல்லாம் கோமதிக்கு விளக்கியபோது என் கட்டில் ஓட்டுநரைவிட நன்றாகவே கேட்டுக்கொண்டார். மூன்று துகளும் ஏன் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்றுகூடக் கேட்டார். மோதல் அங்கேதானே நடந்தது என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்குச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு லாட்ஜுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே, 900 ரூபாய், சுடுதண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரை.

சனிக்கிழமை காலை அட்டையில் பெரிதாக "தொட்டுப் பாருங்கள்" என்று எழுதி வாசலில் மாட்டினேன். கண்காட்சிகளில் பதினோரு வருஷமாக இதற்கு நேர்மாறான பலகையை மாட்டி வந்த கை இது.

தரணேந்திரன் சார் மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்து ஜைனக் குடும்பம் அவருடையது, முதல் நாளே தன் ஊருக்கு வந்திருந்தார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாதவர். அந்த விஷயத்தில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. ஆரணியில் உறவினர் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பதாகவும், சரியாக ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன் என்றும் வந்தவுடனே சொல்லிவிட்டார். இறங்கிய ஆட்டோவையே காத்திருக்கச் சொன்னார். சட்டங்களைச் சுற்றி ஒருமுறை வந்தார். கோமதி போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஒரே போடாகப் போட்டார்.

"இது நெசவு ஊர். இவங்க விரலுக்குத் தெரியும். மத்த ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

நியாயமான கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உறைத்தது. அவரே ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களிடம் தறி வேலையா என்று கேட்டு, ஆமாம் என்றவர்களை மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். மற்றவர்களில் முதலில் சிக்கியது அவரை ஏற்றி வந்த ஆட்டோக்காரர். பெரணமல்லூர்க்காரர், நூலைத் தொட்டதே இல்லை என்றார். வண்டியில் உட்கார்ந்திருப்பது பேஜாராக இருக்கிறது என்று உள்ளே வந்தவர் முதல் முடிச்சைப் பிடிக்க ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டார். பிடித்த பிறகு அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. முடிச்சில் கிளிப் மாட்டுவதும், கயிறு கோணலானால் கிளிப்பைக் கழற்றி வேறு முடிச்சைத் தேடுவதுமாகப் பதினோரு நிமிடம். மூன்று கயிறுகளையும் முன்னால் நீட்டி இழுத்து எதிரே தனித்தனிக் கொக்கியில் மாட்டியபோது, வெறும் காற்றில், ஓரிடத்தில் அவை கூடி நின்றன. என்ன செய்தீர்கள் என்று சார் கேட்டார்.

"ஒண்ணுமே கண்ணுல தெரியல சார். ஆனா மூணு ஏதோ இது வழியா போயிருக்குது. எங்க இருந்து கெளம்புச்சோ அந்த எடத்துல கயிறு போயி நிக்குது பாருங்க" என்றார் ஆட்டோக்காரர்.

என்னால் இதைவிட நன்றாக எழுத முடியாது. அதையே பலகையில் போட்டுவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பூ விற்கும் அம்மா இரண்டு நிமிடத்தில் போய்விட்டார், வியாபாரம் கெடும் என்று. அரிசி மண்டிக் கணக்கர் எட்டு நிமிடம் நின்றார். ஒரு கணவன் மனைவி எந்த முடிச்சு எந்தக் கயிற்றுக்கு என்று சண்டை போட்டே ஒன்பது நிமிடம் ஓட்டினார்கள். இதில் மூன்று பேர், கணக்கில் வராத முடிச்சு ஒன்று கையில் தட்டுப்படுகிறதே என்று என்னிடம் சொன்னார்கள். நான் நிபுணர் தோரணையில், "அது இரைச்சல், விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாவதாக வந்த பெண், செய்யாரில் தொழிற்சாலை வேலை முடிந்து சீருடையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஏழு நிமிடத்தில் மூன்று கயிறும் கட்டிவிட்டு, கிளம்பும்போது நின்றார்.

"மேடம், மிச்ச முடிச்ச இரைச்சல்னு சொல்லிகினு இருந்தீங்களே, அது அஞ்சு சட்டத்துலயும் இருக்குது. எல்லாத்துலயும் ஒண்ணாவது" என்றார்.

இரைச்சல்தான் என்று வாயெடுத்தேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார். அப்போது மணி ஐந்து பத்து. பத்துப் பேரில் ஏழு பேர் தேறியிருந்தார்கள். நான் ஜெயித்தாகிவிட்டது, அவர் கிளம்பியிருக்கலாம். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

முதல் சட்டத்தில் மிச்ச முடிச்சு உடனே கிடைத்தது. இரண்டாவதில் பத்து நிமிடம். மூன்றாவதில் அந்த இரண்டு பழைய முடிச்சுகளும் சேர்ந்து அவரைப் பாடாய்ப் படுத்தின. ஐந்தரைக்கு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அப்புறம் அவரும் உள்ளே வந்து வேடிக்கை பார்த்தார். உறவினர் இரண்டு தடவை போன் செய்தார், சார் எடுக்கவில்லை. காத்திருக்கச் சொன்ன நெசவாளர்கள் ஏழெட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நெசவுக் கண்ணுக்கு அங்கிருந்தே முடிச்சு தெரிந்துவிட்டது என்பதை முகமே காட்டிக்கொடுத்தது, ஆனால் யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது சட்டத்தில் கை நின்றபோது என்னிடம் நாலாவது கயிறு இல்லை. மூன்றுதான் கொண்டுபோயிருந்தேன். கோமதி மிச்சமிருந்த பட்டு நூலை நாலு பிரியாகச் சேர்த்து நீட்டினார். சார் அதை ஐந்து கிளிப்புக்கும் கொடுத்து இழுத்தார். அம்பு மாதிரி நேராக நின்றது. மற்ற மூன்றும் கூடிய இடத்துக்கு அது போகவே இல்லை, மேலேயிருந்து சாய்வாக வந்து தன் பாட்டுக்குக் குறுக்கே போயிற்று.

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை.

"அது நான் உட்டது சார்" என்றார் கோமதி. முதல் நாள் மாலை நான் போன பிறகு, ஐந்து சட்டத்துக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அது தொட்ட இழைகளை வெட்டி முடிச்சுப் போட்டிருக்கிறார். "எல்லாம் ஒரே எடத்துல இருந்து வர்றா மாறி வச்சிருந்தாங்க. வெளில இருந்து ஒண்ணு வந்தா ஜனங்க கண்டுபுடிக்குமான்னு பாத்தேன்."

படிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிஜத்திலும் அப்படி வரும். வானத்திலிருந்து மியூயான் என்ற துகள்கள் ராத்திரி பகலாக நம் உடம்பு வழியாகவும், கூரை வழியாகவும், எல்லாக் கருவிகள் வழியாகவும் போய்க்கொண்டே இருக்கின்றன. மோதலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவற்றைப் பிரித்து அறிவதே ஒரு பெரிய வேலை. புத்தகம் புத்தகமாகப் படித்த நான் அதை மறந்துவிட்டேன். கோமதி சும்மா ஒரு குறும்புக்காக விட்டுப் பார்த்தார். போதாக்குறைக்கு, தானாகக் கண்டுபிடித்த மூன்று பேரை நான்தான் இரைச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இத்தனை சந்தோஷமாக நான் அசடு வழிந்ததே இல்லை.

சார் திரும்பி வாசலைப் பார்த்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி ஆறு இருபது. பிறகு உறவினருக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலையில சாப்பிட வர்றேன். இல்ல இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்குது. ஒரு முடிச்சு கெடைக்கல, தேடிக்கினு இருந்தேன்" என்றார். பதினைந்து வருஷமாக அவரைத் தெரியும், அவர் வாயில் ஊர்ப் பேச்சு வந்து நான் கேட்டது அன்றுதான். ஆட்டோவில் ஏறும்போது என்னிடம் திரும்பி, டைனோசர்க்காரனுக்கு வேண்டாம் என்று திங்கட்கிழமை சொல்லிவிடச் சொன்னார்.

இதே மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயிலில் வருவதானால் ஆரணி ரோடு ஸ்டேஷன் என்ற பெயரை நம்பி ஊர் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது களம்பூரில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கூடக்குறைய பஸ்ஸில் போக வேண்டும். தெருவில் பாவு நீட்டியிருந்தால் வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள். சட்டம், ஆணி எல்லாம் நீங்கள் கொண்டுபோங்கள், இழை விஷயத்தை அங்கிருப்பவர்களிடம் விட்டுவிடுங்கள். கயிறு ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். ஜைனரான தலைவருக்குக் காட்டுவதாக இருந்தால் நாலு மணிக்கே சாப்பாடு போட்டுவிட்டு அப்புறம் காட்டுங்கள். வெட்டிய நூலை எதற்கு வெட்டினீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல்லது சொல்லாமல் சாப்பிடப் போங்கள், சோறு இரண்டாவது முறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேசை பங்குனியில் ஊர் கிளம்புகிறது, முதல் ஊர் செய்யார். ஜனங்கள் தொடத் தொட இழைகள் அறும் என்பதால், ஒவ்வொரு ஊருக்கும் கோமதி எங்களோடு வருகிறார், சம்பளத்தோடு. தினம் ஒரு புது மோதலை முடிச்சுப் போட்டு வைப்பது அவர் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மூன்று துகள்களுக்கு நான் கணக்குக் கொடுக்கலாம். நாலாவதை எங்கே விட்டிருக்கிறார் என்று எனக்குச் சொல்ல மாட்டாராம். வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நானும் தேடித்தான் ஆக வேண்டும்.